யசிந்தாவின் முதல் முடிச்சு

1986ஆம் ஆண்டு நல்லூர்த் தேரன்று காலை ஏழேகால் மணிக்கு, கற்பூரம் எடுப்பதற்காகச் செல்வநாயகி ரீச்சர் தன் புதுத் தோற்பையைத் திறந்தபோது உள்ளே ஏறக்குறைய ஒரு கிலோ சூடைமீன் உயிரோடு துள்ளிக்கொண்டிருந்தது. ரீச்சர் பிறந்ததிலிருந்து மீன் தொடாதவர். கோயில் கொடியேறினால் அவர் வீட்டு அடுப்பில் புதுச் சட்டிதான் ஏறும். சனம் நெருக்கியடித்து நின்ற வீதியில் அவரைச் சுற்றி மட்டும் நாலடிக்கு இடம் விழுந்தது. ஒரு பூனைதான் கிட்ட வந்தது. ரீச்சர் பதறவில்லை. பையைப் பூட்டினார், தேரைப் பார்த்து ஒருமுறை கும்பிட்டார், சைக்கிளை எடுத்து நேரே குருநகருக்கு விட்டார். பூனை கச்சேரியடி வரை பின்னால் ஓடியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

பையைச் செய்தவள் யசிந்தா. குருநகர்க் கடற்கரையில் வள்ளம் வைத்திருந்த யாகப்புவின் மூத்த மகள், அப்போது வயது இருபத்துநாலு. கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத பிறவி. ஆறு வயதில் திருக்கைமீன் தோலைக் கூரையில் காயப்போட்டுத் தகப்பனின் சாரத்துக்கு ஒரு இடுப்புப்பட்டி செய்தாள்; சாரங்கள் பல கிழிந்தும் பட்டி கிழியவில்லை. பத்து வயதில் பழைய பாய்ச்சீலையில் தனக்கொரு பள்ளிக்கூடப் பை. பதினாலில் வேதக்கோயில் உபதேசியாரின் மூக்குக்கண்ணாடிக்கு ஓர் உறை, அதுவும் அவர் கேட்காமலே. எதைச் செய்து முடித்தாலும் ஒரு நாள் சந்தோசமாக இருப்பாள், மறுநாள் கை அரிக்கத் தொடங்கிவிடும். எது செய்தால் அது அடங்கும் என்று அவளுக்கே தெரியாது.

தெரிந்தது 1983இல். கொழும்பு எரிந்த ஆடி மாதம் முடிந்து, சனத்தை ஏற்றிய கப்பல்கள் காங்கேசன்துறைக்கு வரத் தொடங்கியபோது, தேத்தண்ணி வாளியோடு போன கோயில் ஆட்களில் யசிந்தாவும் ஒருத்தி. அங்கே கப்பலால் இறங்கினார் செல்வநாயகி ரீச்சர். கொழும்பில் பதினெட்டு வருசம் படிப்பித்தவர், கையில் ஒரேயொரு கைப்பையோடு நின்றார். அதன் பிடியும் அறுந்து தொங்கியது. யசிந்தாவின் இடுப்பில் எந்நேரமும் வலை ஊசியும் நூலும் செருகியிருக்கும். வாங்கி, அங்கேயே குந்தியிருந்து பிடியைத் தைத்துக் கொடுத்தாள். அந்தப் பத்து நிமிசமும் பை அவள் மடியில் கிடந்தது. உள்ளே தைத்த துணி, மடித்து ஒட்டிய ஓரம், பல் பிசகாமல் இழுபட்டுப் பூட்டும் சிப்பு எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு பொம்பிளையின் முழு வீடும் இதற்குள் அடங்குமா! சுற்றிவரச் சனம் அழுதுகொண்டிருக்க அவளுக்கு மட்டும் நெஞ்சு அடித்துக்கொண்டது. வெட்கமாகத்தான் இருந்தது. என்ன செய்வது, சந்தோசம் இடம் பார்த்து வருவதில்லை.

அன்றிலிருந்து மூன்று வருசம் தோலோடு மல்லுக்கட்டினாள். ஐந்து சந்தித் தோல்கடைகளில் பதப்படுத்திய ஆட்டுத்தோல் வாங்கினாள். பழைய சப்பாத்துகளைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்த்துத் தானே படித்தாள். வெட்டிப் பழுதாக்கிய துண்டுகளில் ஊர்க்கோழிகளுக்கெல்லாம் சட்டை தைத்திருக்கலாம் என்று தாய் லூர்த்தம்மா பேசுவாள். பழைய பை கிழிந்ததும் ரீச்சர் அவளைத் தேடி வந்து, தேருக்கு ஒரு புதுப் பை வேண்டும் என்றபோது யசிந்தாவுக்குக் கால் நிலத்தில் படவில்லை. கொழும்புச் சஞ்சிகை ஒன்றில் பார்த்தபடி அரைவட்டமாய், பித்தளைக் கொக்கி வைத்து, மாதுளம்பழ நிறத்தில் செய்து கொடுத்தாள். அதுதான் மீன் பிடித்த பை.

ரீச்சர் வந்து பையைத் திறந்து காட்டினார். லூர்த்தம்மா முதலில் ஒரு சட்டியைக் கொண்டுவந்து மீனைக் கொட்டினாள். "நல்ல சூடை" என்றாள். பிறகுதான் மகளைப் பார்த்தாள்.

"முதல் முடிச்சிலை என்னடி சொன்னனீ?"

யசிந்தாவுக்கு அப்போதுதான் விளங்கியது. குருநகர்ப் பெண்கள் புது வலை தொடங்கும்போது முதல் முடிச்சை வாயருகே கொண்டுபோய் "நிறைஞ்சு வா" என்று சொல்லித்தான் இறுக்குவார்கள். கிழிந்ததைப் பொத்தும்போது சொல்வதில்லை. புதிதாகத் தொடங்கினால் சொல்லாமல் விடுவதில்லை. மூன்று வயதிலிருந்து கேட்டுப் பழகிய வாய், பை தைக்கும்போதும் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

"நிறைஞ்சு வா எண்டு சொல்லிப்போட்டன், ரீச்சர்" என்றாள்.

"பை சொன்ன சொல் கேட்டிருக்கு" என்றார் ரீச்சர். "பிழை அதிலை இல்லை. அடுத்த தேருக்கு எனக்கொரு பாக் வேணும், பிள்ளை. மீன் இல்லாத பாக். உன்னாலை ஏலுமோ ஏலாதோ?"

"ஏலும்" என்றாள் யசிந்தா. ஏலுமா என்று அவளுக்குத் தெரியாது.

அந்தக் காலத்தில் கடலுக்குப் போக ஆயிரம் தடை. வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. மீன் பிடிக்கும் தோற்பை என்ற செய்தி பரவியதும் வாசலில் சனம் நிரம்பிவிட்டது. யாகப்பு அந்த மாதுளம்பழ நிறப் பையைக் குசினிச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். அது தினமும் ஒரு கறிக்கு மீன் தந்தது, நிலவு காலத்தில் கொஞ்சம் குறைவாக.

"உப்பிடி நூறு செய் பிள்ளை" என்றார் தகப்பன். "வள்ளமே தேவையில்லை."

"நான் வலை செய்யேல்லை, அப்பு. பாக் செய்யிறன்."

சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள். மீனுக்காக ஒரு பை செய்தால், பிறகு சாகும்வரை வலைதான் பின்ன வேண்டும், அதற்குத் தோல் என்று பெயர் மட்டும் இருக்கும் என்று அவளுக்குப் பயம் பிடித்துவிட்டது. தனக்கு ஒரு சரியான கைப்பை செய்ய வராது என்று ஆகிவிட்டால் இந்தக் கைகளை என்ன செய்வது?

இரண்டாவது பையை வாயில் துணி கட்டிக்கொண்டு தைத்தாள். முதல் முடிச்சில் ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பை எதையும் ஏற்கவில்லை. சீப்பை வைத்தால் சீப்பு நிலத்தில் கிடந்தது. முகம் துடைக்கும் கைலேஞ்சியை வைத்தால் அது கதிரையில் கிடந்தது. 1987ஆம் ஆண்டுத் தேருக்கு ரீச்சர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, கற்பூரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போனார். திருப்பிக் கொடுக்க வந்தபோது கோபிக்கவில்லை. "இது என்னோடை கதைக்குதில்லை" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சொல்லை யசிந்தா ஒரு வருசம் மனதில் போட்டு உருட்டினாள். அந்த வருசம் சண்டை ஊருக்குள் வந்து, சனம் கோயில்களில் படுத்தெழும்பி, வீடுகளுக்குத் திரும்பியது. 1988 ஆடி மாதத்தில் ஒரு நாள், தோலும் கத்தியும் ஊசியும் அந்தப் பேசாத பையும் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு நல்லூருக்குப் போய், ரீச்சரின் முன் பாயில் குந்தினாள். அரைவட்டமாக வெட்டிய துண்டில் நூலைக் கோத்து, நுனியை அவர் கையில் கொடுத்தாள்.

"பாக் உங்கடை. முதல் முடிச்சை நீங்கள்தான் சொல்ல வேணும், ரீச்சர். தொலைச்சதிலை எது வேணும் உங்களுக்கு?"

நகை என்பார், வீட்டுப் பூட்டின் திறப்பு என்பார் என்று யசிந்தா எதிர்பார்த்தாள். ரீச்சர் நூல் நுனியை விரலில் சுற்றினார்.

"நாற்பத்திரண்டு கொப்பி" என்றார். "ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையளின்ரை கட்டுரைக் கொப்பியள். திருத்திறதுக்கு வீட்டை கொண்டு வந்தனான். மேசையிலை விட்டிட்டு ஓடி வந்திட்டன். அஞ்சு வருசமாச்சு. பிள்ளையள் இன்னும் பார்த்துக்கொண்டிருப்பினம்."

யசிந்தா துள்ளி எழும்பினாள். அரைவட்டத்துக்குள் கொப்பி எப்படிப் போகும்? இத்தனை நாளும் அவள் செய்தது யாரோ ஒரு கொழும்புப் பெண்ணுடைய பை! மாதிரிக்குக் கொண்டுவந்த சஞ்சிகைப் படத்தைக் கிழித்து வெளியே எறிந்தாள். ரீச்சரிடம் ஒரு கொப்பி வாங்கி நிலத்தில் வைத்து, சுற்றிவரச் சோக்கால் கோடு இழுத்தாள். இரண்டு விரல் கூட்டினாள். அடியை அகலமாக்கினாள், பாரம் தாங்கட்டும் என்று. சிவப்புப் பேனைக்கென்று பக்கவாட்டில் ஓர் ஒடுங்கிய பை, கற்பூரத்துக்கு இன்னொன்று, தோளை வெட்டாத பட்டி. தோல் போதாமல், பேசாத பையைப் பிரித்து அதிலிருந்து எடுத்தாள். முதல் முடிச்சை ரீச்சரே வாயருகே கொண்டுபோய்ச் சொல்லி இறுக்கினார். யசிந்தாவுக்குப் பசி தெரியவில்லை, இரண்டு நாள் அங்கேயே இருந்து தைத்தாள். இதுதான், இதுதான் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தைத்ததாக ரீச்சர் பிறகு சொல்லியிருக்கிறார்.

அந்த வருசத் தேரன்று பையைத் திறந்தபோது கற்பூரம் காய்ந்தபடி இருந்தது. பக்கத்தில் ஓரம் கருகிய கொப்பி ஒன்று. அதற்குப் பிறகு வெள்ளிக்கு வெள்ளி ஒவ்வொன்று வந்தது. ரீச்சர் சிவப்புப் பேனையால் திருத்தி, புள்ளி போட்டு, மட்டையில் பிள்ளையின் கையெழுத்திலேயே இருந்த முகவரிக்கு அனுப்பினார். முகவரிகள் ரொறன்ரோ, திருச்சி, பாரிஸ் என்று புதியவையாக இருந்தன. எழுத்து மட்டும் பதினாலு வயதுப் பிள்ளையின் எழுத்து. ஒரு கொப்பிகூடத் திரும்பி வரவில்லை.

அதன் பிறகு யசிந்தாவுக்கு ஓய்வு ஏது! உடுப்பிட்டியிலிருந்துகூட வந்தார்கள். வந்தவர்களைப் பாயில் இருத்தி, நூல் நுனியைக் கொடுத்துக் கேட்பாள். பதிலைக் கேட்ட பிறகுதான் சோக்கை எடுப்பாள். சங்கீதம் படிப்பித்த பத்மாசினிக்கு வயலின் வில்லுக்கென்று முழங்கையைத் தாண்டிய நீளத்தில் ஒரு பை. அதை அவர் சந்தைக்கும் கொண்டுபோனார். சிரிப்பைத் தொலைத்துவிட்டேன் என்ற மீனாம்பிகைக்கு உள்ளங்கை அளவில் ஒன்று. அது சபைசந்தி பாராமல் கிக்கிக் என்று சிரித்து இரண்டு செத்தவீடுகளைக் குழப்பியது. 1990 ஐப்பசியில் ஐந்து சந்தித் தோல்கடைக்காரர்களை, முஸ்லிம்கள் என்பதற்காக, இயக்கக்காரர் இரண்டு மணித்தியால அவகாசத்தில் ஊரைவிட்டுத் துரத்தினார்கள். யசிந்தா வெறும் தெருவில் நின்று அழுதாள். பிறகு தோலுக்கு வழியில்லாமல் பழைய உதைபந்துகளை வெட்டித் தைத்தாள். அந்தப் பைகள் நடக்கும்போது கொஞ்சம் எம்பும். ஒருவரும் குறை சொல்லவில்லை.

எல்லோருக்கும் செய்தவள் தனக்கென்று ஒன்று செய்யவில்லை. 1995 ஐப்பசி கடைசியில் வலிகாமத்துச் சனம் முழுவதும் இராணுவத்துக்குப் பயந்து மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது, அவளிடம் இருந்தது இடுப்பில் செருகிய வலை ஊசியும் நூலும்தான். கத்தி, தோல், சோக்கட்டிகள், சுவரில் தொங்கிய மீன்பை எல்லாம் குருநகரில் கிடந்தன. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நானூறு பேர் ஒதுங்கினார்கள். யாகப்புவும் லூர்த்தம்மாவும் வகுப்பறையில் ஒரு வாங்குப் பலகையில், ரீச்சர் அடுத்த வாங்கில். மூன்றாம் நாள் கஞ்சிக்குக் கொஞ்ச அரிசியைத் தவிரச் சமைக்க ஒன்றும் இருக்கவில்லை.

ரீச்சர் தன் பையைக் கொண்டுவந்து யசிந்தாவின் மடியில் வைத்தார். நாற்பத்திரண்டும் வந்து முடிந்து வருசக்கணக்காகிவிட்டது.

"இதைப் பிரிச்சு உனக்கெண்டு ஒண்டு தை."

"ஐயோ, வேண்டாம் ரீச்சர். இதுதான் நான் செய்ததிலை திறம்."

"அதுதான் தாறன். சொல்லு, உனக்கு எது வேணும்?"

தையலை ரீச்சரே பிரிக்கத் தொடங்கிவிட்டார். யசிந்தா தோலைத் திருப்பி, அடியை இன்னும் அகலமாக்கி மடித்தாள். கத்தியைக் கேட்கலாம், பட்டறை முழுவதையும் கேட்கலாம். நூலைக் கோத்துக்கொண்டு வகுப்பறையைச் சுற்றிப் பார்த்தாள். பிள்ளைகள் கரும்பலகையில் சோறும் கறியும் கீறி விளையாடிக்கொண்டிருந்தார்கள். முதல் முடிச்சை வாயருகே கொண்டுபோனாள். இந்த முறை வாய் தவறவில்லை, தெரிந்துதான் சொன்னாள்.

"நிறைஞ்சு வா."

விடிய பை வாங்கிலிருந்து பாரத்தில் விழுந்து கிடந்தது. சூடை, ஒரு பாரை, கொஞ்சம் இறால். யசிந்தா கைகொட்டிச் சிரித்தாள். யாகப்பு அடுப்பு மூட்டினார். சனம் முண்டியடிக்க, செல்வநாயகி ரீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, எல்லோரையும் வகுப்பு வகுப்பாக வரிசையில் நிறுத்தினார். பிறகு பைக்குள் கையை விட்டு ஆளுக்கு ஒரு பிடி எடுத்துப் போட்டார்.

"ரீச்சர், உங்கடை கை..." என்றாள் யசிந்தா.

"கழுவினால் போகும். நீ வரிசை குழம்பாமல் பார், பிள்ளை."

அவர் மட்டும் வெறும் கஞ்சி குடித்தார். மறுநாள் விளைமீன் வந்தது.