எல்லம்மா வைத்த முறை

1969, ஐப்பசி மாதம். பழவேற்காடு ஏரிக்குள் ஒரு மணல் மேட்டில் இருந்த தொடக்கப்பள்ளிக்கு வைதேஹிதான் ஒரே ஆசிரியை. திருவள்ளூரிலிருந்து வேலைக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பிள்ளைகளுக்கு மதிய உணவு சமைக்கும் எல்லம்மாதான் அங்கே அவளுக்குப் பேச்சுத் துணை.

அன்று காலை தூறலோடு பள்ளி தொடங்கியது. பத்து மணிக்கு ஆற்று வெள்ளம் ஏரியில் வந்து விழுந்தது. கடலும் பொங்கியிருந்ததால் தண்ணீர் வெளியேற வழியில்லை. பதினொன்றுக்குள் வாசற்படி முழுகிவிட்டது. உள்ளே முப்பத்தொரு பிள்ளைகள். வைதேஹிக்கு நீச்சல் தெரியாது.

அக்கரையிலிருந்து நான்கு படகுகள் வருவதைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. அது கொஞ்ச நேரம்தான். படகோட்டி வந்த ஒவ்வொரு தகப்பனும் தன் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்தினான். பிள்ளைகள் அப்பா குரல் கேட்ட பக்கமெல்லாம் தண்ணீரில் இறங்கி ஓடின. இரண்டு படகுகள் மோதிக்கொண்டன. ஒன்று சாய்ந்து இரண்டு சிறுமிகள் தண்ணீரில் விழுந்தார்கள். எல்லம்மா பாய்ந்து இருவரையும் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டாள்.

பிறகு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கத்தினாள்.

"நிறுத்துங்கடா! எறா புடிக்கச் சொல்ல பாடு வெச்சி, முறை போட்டு ஒருத்தன் பின்னால ஒருத்தன் எறங்குறீங்க இல்ல? இங்க இன்னா ஆச்சி உங்களுக்கு? ஒரு படகு மேட்டாண்ட வரட்டும். மத்தவங்க தள்ளி நில்லுங்க. சின்னதுங்க மொதல்ல. எவன் புள்ளையா இருந்தாலும் எவன் படகு நிக்குதோ அதுல ஏறும்!"

முன்னால் நின்ற படகில் ரங்கசாமி மட்டும் அடங்கவில்லை. "எம் பொண்ணு அங்க நிக்குது. நான் இன்னாத்துக்கு ஊரான் புள்ளைய ஏத்திக்கினு போவணும்?"

"உம் பொண்ண கலியன் இட்டுக்கினு வருவான். நீ அவன் புள்ளைங்கள ஏத்து."

வலைத் தகராறில் ரங்கசாமியும், இன்னொரு படகில் வந்திருந்த கலியனும் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. ஆனாலும் ரங்கசாமி படகை மேட்டோரம் அணைத்தான்.

"டீச்சரம்மா, நீ பேரு கூப்புடு. நான் ஏத்துறேன்" என்றாள் எல்லம்மா.

வைதேஹி வருகைப் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, சிறியவர்களாகப் பார்த்துப் பெயர் பெயராகக் கூப்பிட்டாள். கூப்பிட்ட பிள்ளையை எல்லம்மா தூக்கிப் படகில் வைத்தாள். ஒரு படகு போனதும் அடுத்தது வந்தது. கலியனின் மூன்று பிள்ளைகளோடு போன ரங்கசாமி, தன் மகள் நின்ற பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே கழி ஊன்றினான். அடுத்த படகில் அவள் கலியனின் சட்டைக்குள் சுருண்டு வந்து சேர்ந்தாள்.

கடைசிப் படகில் பெண்கள் இருவரும் ஏறியபோது பள்ளிக்குள் ஜன்னல் வரை தண்ணீர். பதிவேட்டை விரித்து வைதேஹி கரையில் மறுபடி எண்ணினாள். முப்பத்தொன்று. அவளுக்கு அழுகை அப்போதுதான் வந்தது.

அடுத்த நாள் ரங்கசாமி அந்தச் சட்டையைத் துவைத்து எடுத்துக்கொண்டு கலியன் வீட்டுக்குப் போனான். இருவரும் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. வெகு நேரம் கழித்துத்தான் வெளியே வந்தான்.

பத்து நாள் கழித்து கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. 'மீட்புப் பணியை ஒருங்கிணைத்தவர்' என்ற இடத்தில் வைதேஹி 'எல்லம்மா' என்று எழுதினாள்.

"எம் பேரு எதுக்கு டீச்சரம்மா? அதுல இன்னா போட்டுக்கீது?"

"ஒருங்கிணைப்புன்னு போட்டிருக்கு. இங்கிலீஷ்ல கோஆர்டினேஷன்னு சொல்லுவா. ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்காம, ஒருத்தர் செய்யறது இன்னொருத்தருக்குக் கை கொடுக்கறாப்ல எல்லாரையும் சேர்த்து நடத்தறது."

"அதுக்கு இம்மா நீட்டுப் பேரா? முறைன்னா போதாதா?" என்று சிரித்தாள் எல்லம்மா.

வைதேஹி சிரிக்கவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்த அந்த ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க இல்லேன்னா அந்தக் குழந்தைகளோட நானும் இன்னிக்கு இல்ல எல்லம்மா. இதை எந்த ஜன்மத்துல தீர்ப்பேன்?"

"இன்னா டீச்சரம்மா நீ. நீ பேரு கூப்புடலன்னா எது ஏறுச்சி, எது ஏறலன்னு எனுக்கு எப்டித் தெரியும்? எனுக்குப் படிக்கவா தெரியும்?"

அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. அடுப்பில் உலை கொதித்து வழிந்தது. இருவரும் அதைக் கவனிக்கச் சற்று நேரம் ஆயிற்று.