மூணை உருவுங்க

ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படங்களெல்லாம் ஐந்து டிஸ்க் உள்ள ஒரு பெட்டியில் இருந்தன. அதைப் பார்த்துக்கொள்பவளுக்குப் பூனை என்று பெயர் வைத்திருந்தார்கள். அடிச்சத்தம் கேட்காமல் நடப்பாள்.

நான்கு டிஸ்க்கில் படங்கள். ஐந்தாவதில் அந்த நான்கின் கூட்டுத்தொகை. ஒன்று செத்தால், தொகையிலிருந்து மற்றவற்றைக் கழித்துச் செத்ததை மீட்டுவிடலாம். புதுப் படம் வந்தால் பெட்டி எல்லாவற்றையும் மறுபடி கூட்டாது. தொகையிலிருந்து அந்த இடத்துப் பழையதைக் கழித்துப் புதியதைச் சேர்த்துக்கொள்ளும். நல்ல குறுக்குவழிதான். ஆனால் இரண்டு போனால் கையை விரிக்க வேண்டியதுதான்.

அன்று காலை ஒன்று செத்தது. அதை உருவிப் புதியதைச் செருக வேண்டும்; பெட்டி காட்டிய எண் மூன்று. மாடியில் ஒரு குழந்தைக்குத் தலையில் ஆபரேஷன். டாக்டர் திரையில் படத்தைப் பார்த்துப் பார்த்து அறுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மூணை உருவுங்க," என்றாள் பூனை, பெட்டி அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து.

உள்ளே நின்ற எலக்ட்ரீஷியன், விளக்கைப் பார்க்காமல், இடமிருந்து எண்ணி மூன்றாவதை உருவினார். பெட்டியோ பூஜ்யத்திலிருந்து எண்ணும். அதற்கு மூன்று என்றால் நான்காவது.

இரண்டு சிவப்பு விளக்குகள்.

"ஐயோ, அது நல்ல டிஸ்க்குண்ணே!"

"நீ மூணுன்னுதானே சொன்ன? பூஜ்யத்தையெல்லாம் யாரும்மா எண்ணுவாங்க?"

போன் அடித்தது. மாடி நர்ஸ். "திரை இருட்டாயிடுச்சு. டாக்டர் கத்துறார். என்னம்மா பண்றீங்க கீழ?"

திருப்பிச் செருகலாம். ஆனால் இதற்குள் புதுப் படம் ஏதாவது சேர்ந்திருந்தால் தொகை மாறியிருக்கும், இந்த டிஸ்க் மாறியிருக்காது. கழித்தால் பொய்ப் படம் வரும். பார்க்க நிஜம் போலவே இருக்கும். அதை நம்பிக் கத்தி இறங்கும்.

ஸ்கேன் அறைக்குப் போன் போட்டாள். "அக்கா, இப்ப ரெண்டு நிமிஷத்துல ஏதாவது படம் எடுத்தீங்களா?"

"எங்கடி! வந்தவரு பெல்ட்டைக் கழட்டவே பத்து நிமிஷமாகுது."

"செருகுங்கண்ணே."

செருகினார். ஒரு விளக்கு பச்சையானது. பூனை மாடிக்குப் போன் போட்டாள்.

"படம் வந்துடுச்சும்மா," என்றாள் நர்ஸ்.

"இருங்க. சுவத்துல நேத்து எடுத்த ஃபிலிம் மாட்டியிருக்கும். ரெண்டும் ஒண்ணான்னு டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் கத்தியைத் தொட வேணாம்னு சொல்லுங்க."

டாக்டருக்கு உத்தரவு போட்டது அவள்தானா? போனில் மூச்சுச் சத்தம் மட்டும். யாருடைய மூச்சென்று தெரியவில்லை.

"ஒண்ணுதானாம்."

"இப்ப செத்ததை உருவட்டுமா?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"வேணாம்ணே. அந்தப் பிள்ளைக்குத் தையல் போட்டு முடிக்கிற வரைக்கும் யாரும் எதையும் தொட வேணாம்."

உள்ளே போய்ப் பெட்டியின் முன்னால் தரையிலேயே உட்கார்ந்தாள். பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று. சிவப்பு அங்கேயேதான் இருந்தது. மறுபடி எண்ணினாள்.