ஒன்றாம் நாளும் எட்டாம் நாளும்

நடைப் பயிற்சி வார்டில் ஒரே ஒரு சட்டம்தான். நோயாளி முதல் நாள் எத்தனை அடி நடந்தார், எட்டாம் நாள் எத்தனை அடி நடந்தார் என்று கட்டத்தாளில் இரண்டு புள்ளி வைத்துக் கோடு போடுவார்கள். கோடு ஏறினால் கட்டில் உண்டு. இறங்கினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வீட்டுக்குப் போனால் பயிற்சி கிடையாது. பயிற்சி இல்லையென்றால் அந்தக் கால் அவ்வளவுதான்.

இது தெரியாமல் கணக்கு டீச்சர் முதல் நாளே தன் அப்பாவைப் படாதபாடு படுத்தினாள். பக்கவாதத்தில் இடது கால் இழுத்துக்கொண்ட மனிதர் அவர்.

"பத்து அடிதானாப்பா? எல்லாரும் பாக்கறாங்க. இன்னும் கொஞ்சம்!"

மகள் மானம் போகக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நாற்பது அடி நடந்தார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, கைதட்டினாள். பக்கத்துக் கட்டில் லாரிக்காரரோ ஐந்தாவது அடியிலேயே "ஐயோ அம்மா" என்று சரிந்தார். பாவம் என்று உச்சுக்கொட்டினாள்.

ஏழாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல். எட்டாம் நாள் உடம்பு கொதிக்கக் கொதிக்க, சுவர்க் கம்பியைப் பிடித்து இருபத்தாறு அடி நடந்தார். லாரிக்காரரும் அதே இருபத்தாறு.

பயிற்சியாளர் பென்சிலை அவளிடம் நீட்டினார். "சாய்வை நீங்களே போட்டுடுங்க டீச்சர். உங்களுக்குத் தெரியாததா?"

கை பழக்கதோஷத்தில் போட்டுவிட்டது. இருபத்தாறில் நாற்பது போக மைனஸ் பதினாலு. எட்டில் ஒன்று போக ஏழு. வகுத்தால் மைனஸ் இரண்டு.

"காய்ச்சல் சார். அஞ்சாம் நாள் நாப்பத்திமூணு நடந்தாரே, அதையும் சேத்துப் பாருங்க."

"கோடு போட ரெண்டு புள்ளி போதும்னு நீங்கதானே பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றீங்க?" சிரித்துக்கொண்டே தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். லாரிக்காரருடைய தாளில் மூன்று என்று எழுதினார்.

பயிற்சியாளர் நகர்ந்ததும் லாரிக்காரர் கிசுகிசுத்தார். "முதல் நாள் கால் நல்லா இருந்தாலும் விழுந்துடணும் டீச்சர். இங்க கூட்டிப் பெருக்கறவங்களுக்குக்கூடத் தெரியும். சொல்லலாம்னுதான் பாத்தேன். நீங்க கைதட்டிக்கிட்டு இருந்தீங்க."

அந்தக் கையை ஒடித்துப் போடலாம் போல் இருந்தது அவளுக்கு. கட்டிலுக்கு அடியில் குனிந்து அப்பாவின் சாமான்களை எடுத்துப் பையில் அடைக்க ஆரம்பித்தாள்.

"எவ்வளவும்மா வந்துச்சு?" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

"ரெண்டுப்பா."

"லாரிக்காரருக்கு?"

"மூணு."

"அட, ஒண்ணுதானே கம்மி! நாளைக்கே பிடிச்சுடறேன்." தட்டுத் தடுமாறி எழுந்து உட்கார்ந்து, இடது காலைக் கையால் தூக்கித் தரையில் வைத்தார். "இப்பவே கொஞ்சம் நடந்து பாக்கறேன். செருப்பை எடு."

செருப்பு பையின் அடியில் இருந்தது.