மேஸ்திரிக்குத் தெரிந்த ஏணி

அம்மா பின்புறத்து நீச்சல் குளத்தில் இறங்கினால் எங்கள் நாயும் வேலைக்கு வந்துவிடுவான். அவள் நீந்த நீந்தக் கரையோரமாகவே கூட நடப்பான். அவள் தலை கொஞ்ச நேரம் தண்ணீருக்குள் இருந்துவிட்டால் குரைத்துத் தெருவையே கூட்டிவிடுவான். அதனாலேயே அவனுக்கு மேஸ்திரி என்று பெயர்.

"கை வலிக்க நீந்துறது நானு, அதட்டுறது இவரு!" என்று அம்மா சிரிப்பாள்.

ஆழமான பக்கத்தில் இருந்த இரும்பு ஏணி வழியாகத்தான் அவள் கரையேறுவாள். துண்டைக் கவ்விக்கொண்டு மேஸ்திரி அங்கேதான் காத்திருப்பான். எதிர்முனையில் அகலமான படிகள் இருந்தும் அம்மா அந்தப் பக்கம் போனதில்லை. "படியெல்லாம் கிழவிங்களுக்கு" என்பாள். அந்த வயதுக்கு அவள் வரவேயில்லை. நோய் முந்திக்கொண்டது.

அவள் போனபின் அப்பா குளத்தின் மேல் நீல பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பிவிட்டார். அந்தத் தண்ணீரைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. மேஸ்திரி மட்டும் காலையில் ஏணியருகே போய் உட்கார்ந்து, அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"சுத்தி ஒரு வேலி போட்டுடலாம்ப்பா. இவன் அங்கயேதான் கெடக்கான்."

"நாய்க்கு நீச்சல் தெரியாதாம்மா? அதான் மூடி வேற வெச்சிருக்கே."

ஒரு நாள் அப்பா அம்மாவின் துண்டைத் துவைத்துக் கொடியில் போட்டார். காற்று அதைத் தூக்கி விரிப்பின் நடுவில் போட்டது. மேஸ்திரிக்கு அந்த விரிப்பு தரையாகத்தான் தெரிந்திருக்கும். துண்டை எடுக்கக் கால் வைத்தான். விரிப்பு உள்வாங்கி, அவனை விழுங்கி, மேலே மூடிக்கொண்டது.

சத்தமே இல்லை. அம்மாவுக்காகக் குரைக்க அவன் இருந்தான். அவனுக்காகக் குரைக்க யாருமில்லை.

மாடி ஜன்னலருகே துணி மடித்துக்கொண்டிருந்த என் கண்ணில், விரிப்பின் அடியில் ஒரு புடைப்பு நகர்வது தற்செயலாகப் பட்டது.

"அப்பா! மேஸ்திரி உள்ள இருக்கான்!"

அப்பா சட்டையோடு குதித்தார். விரிப்பைப் பிடித்து இழுத்து விலக்கினார். ஏணியருகே தத்தளித்துக்கொண்டிருந்தான் மேஸ்திரி. மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே எட்டிப்பார்க்க, முன்னங்கால்களால் இரும்புக் கம்பியைப் பிறாண்டிக்கொண்டிருந்தான். அதில் நாய் ஏற முடியாது. ஆனால் வெளியே வர அவன் அறிந்த ஒரே வழி அதுதான்.

கால்நடை மருத்துவமனையில் இரண்டு நாள் கிடந்து பிழைத்து வந்தான்.

விரிப்பு போனது. தானாகச் சாத்திக்கொள்ளும் கதவோடு வேலி வந்தது. அதன் பிறகு மாலைதோறும் அப்பா அவனோடு தண்ணீரில் இறங்கினார். வயிற்றில் கை கொடுத்துப் படிகளுக்குக் கூட்டிப்போனார்.

"வேலிதான் போட்டாச்சே, இது எதுக்குப்பா?"

"கதவ ஒருநாள் நாமளே தொறந்து போட்டுட்டா? நாய்க்கு நீந்தத் தெரியும்னு மெத்தனமா இருந்துட்டேன். நீந்தினா மட்டும் பத்தாதும்மா, ஏறி வர வழி தெரியணும். தண்ணிய மூடிட்டாலும் ஆபத்து போயிடாது. வேலி வேணும், பக்கத்துல ஆளும் இருக்கணும். வாயில்லாத ஜீவன், கூப்பிடாதுல்ல."

பேசிக்கொண்டிருக்கும்போதே மேஸ்திரி அவர் கையை விட்டு நழுவி, மறுபடி ஏணிப் பக்கம் திரும்பினான்.

அப்பா பின்னாலேயே நீந்திப் போய் அவனை அணைத்துக்கொண்டார். அவரும் கொஞ்ச நேரம் அந்த ஏணியைப் பார்த்தார்.

"அங்க இல்லடா மேஸ்திரி... அவ அங்க இல்ல. வா, நாம இந்தப் பக்கமா ஏறுவோம்."