தொட்டிக்குள் ஒரு பிடி சுண்ணாம்பு

புருஷனைத் திட்ட வேண்டும் என்றால் கிருபாபாய் அவனுடைய இடது பக்கமாகப் போய் நின்றுகொள்வாள். சங்கு குளிக்கப் போன இடத்தில் செவிப்பறை கிழிந்து, ஜேசுபாதத்தின் இடது காது செவிடாகி நாலு வருஷம் ஆகிறது. அந்தப் பக்கம் நின்று அவள் என்ன சொன்னாலும் அவனுக்குக் கேட்காது. அவளுக்கும் மனசு ஆறிவிடும். வீட்டில் சண்டை இல்லாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்தச் சாமியாரும் பிரசங்கத்தில் சொன்னதில்லை.

வலது காது விஷயம் வேறு. இன்னொரு தரம் ஆழத்துக்கு இறங்கினால் அதுவும் போய்விடும் என்று டாக்டர் அடித்துச் சொல்லிவிட்டார். அதனால்தான் எழுபத்து நாலாம் வருஷத் தொடக்கத்தில், கடற்கரையில் இருந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவனுக்குத் தொட்டி பார்க்கிற வேலை கிடைத்தபோது, கிருபாபாய் மாதா கோயிலுக்குப் போய் இரண்டு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தாள். தற்காலிக வேலைதான். ஆனாலும் கால் தரையில் நிற்கிற வேலை அல்லவா?

முன்பக்கம் கண்ணாடி வைத்த புது சிமெண்டுத் தொட்டி. அதில் உயிருள்ள பவளப்பாறை ஒன்றை வளர்த்துக் காட்ட வேண்டும். இதைக் கேட்டபோது கிருபாபாய் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் பத்து வருஷமாகச் சுண்ணாம்புக் காளவாசலில் கல் சுமக்கிறவள். அந்தக் கல்லே பவளப்பாறைதான். கடலிலிருந்து வள்ளம் வள்ளமாக வந்து இறங்கும், உலையில் வேகும், தண்ணீர் தெளித்தால் வெடித்துப் பூத்து வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பாகும்.

"அதுக்கு உயிரு இருக்குளா. கடலுக்கு அடியில பூவா விரிஞ்சு நிக்கும்" என்பான் ஜேசுபாதம்.

"ஆமா, நாளைக்குப் பறிச்சுத் தலையில வச்சுக்கிடுதேன்" என்பாள் அவள்.

நம்பவில்லையே ஒழிய, அவன் அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்குப் பிடிக்கும். கடல் அவனைக் கைவிட்ட பிறகு அந்த முகம் அப்படி மலர்வது அபூர்வம்.

தொட்டிக்கு அதிகாரி ஆவுடையப்பன். ஸ்ரீவைகுண்டத்து நெல்வயல் குடும்பம். முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கமாட்டார், ஆனால் தண்ணீரைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. புது சிமெண்டு காரத்தைக் கக்கும், அது அடங்காமல் உயிரை உள்ளே விடக் கூடாது என்று ஆறு வாரம் தொட்டியை நிரப்பவும் காலி செய்யவுமாக வைத்திருந்தார். ஒவ்வொரு தரமும் சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து, சாயத்தில் நாலு சொட்டு விட்டு, வந்த நிறத்தைப் பெட்டியில் இருக்கும் நிறங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒன்பது என்பார். எட்டு புள்ளி ஏழு என்பார். அந்த எண்ணுக்குப் பி.எச். என்று பெயராம். கடலின் எண் எட்டு புள்ளி மூன்று. அது வந்த அன்று ஜேசுபாதம் வீட்டுக்கு மீன் வாங்கிக்கொண்டு வந்தான்.

அவனோடு முன்பு சங்கு குளித்த மரியான் முயல்தீவுப் பக்கமிருந்து பலாப்பழம் அளவில் ஒரு பவளக் கல்லை வாளித் தண்ணீரோடு கொண்டுவந்து கொடுத்தான். பயணத்தில் மிரண்டு அது மூடிக்கொண்டுவிட்டது. நாலைந்து நாளில் விரியும் என்றார் ஆவுடையப்பன். திங்கட்கிழமை பெரிய அதிகாரி மதராஸிலிருந்து வருகிறார். அவர் கண்ணுக்குக் கல் உயிரோடு தெரிந்தால் ஜேசுபாதத்தின் வேலை நிலைக்கும். இல்லையென்றால் தொட்டி, முத்துச்சிப்பி ஆராய்ச்சி பார்க்கிறவர்களுக்குப் போய்விடும். அவர்களுக்கு ஆள் இருக்கிறது. "வேலை போனா என்ன, என் வள்ளத்துல இடம் இருக்குலே" என்று மரியான் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். வள்ளம் என்றால் மறுபடி ஆழம், மிச்சமிருக்கிற காதும் போச்சு என்றுதான் கிருபாபாய்க்குப் பட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் சாப்பாட்டுத் தூக்கோடு போனபோது தொட்டித் தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது. புதுத் தண்ணீர் அப்படித்தான் இருக்கும், தானே தெளியும் என்று யாராவது அவளிடம் சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவர்கள் தெருவில் புதுக் கிணறோ புதுத் தொட்டியோ கலங்கினால் ஒரு பிடி சுண்ணாம்பைத் துணியில் முடிந்து உள்ளே இறக்குவார்கள். விடிந்து பார்த்தால் தண்ணீரில் முகம் தெரியும். காளவாசல்காரிக்குச் சுண்ணாம்புக்கா பஞ்சம்? மடியிலேயே கொஞ்சம் இருந்தது. ஜேசுபாதம் கை கழுவப் போன நேரத்தில், பழைய நீலச் சேலையில் கிழித்த துண்டில் அதை முடிந்து, சிலுவை போட்டு, கண்ணாடிக்கு எட்டாத மூலையில் இறக்கிவிட்டாள். மாதாவே, அந்த மனுஷனைக் கரையிலேயே வை என்று வேண்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினாள்.

சனிக்கிழமை காலையில் அவள் ஆசையாகப் பார்க்கப் போனபோது தொட்டி மோராகியிருந்தது. கல்லின் மேல் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. அது கோழை கோழையாக எதையோ கக்கிக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் குழாயைத் தூக்கிப் பிடித்தார். சாயம் கருநீலமாக நின்றது.

"ஒன்பதரைக்கு மேல போயிருச்சு. களர் பூமியில பயிர் கருகுத மாதிரி இது கருகிப்போகும். சிமெண்டு இன்னும் அடங்கல ஓய், அப்படியே கக்குது. கல்லை எடுத்துட்டு மறுபடி ஆறு வாரம் ஊறப் போடணும். திங்கக்கிழமை என்னத்தைக் காட்ட?"

ஜேசுபாதம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "எம்மேலதான் தப்பு சார். கடைசி ரெண்டு தரம் நான் தண்ணி மாத்தல. சோம்பேறித்தனமா விட்டுட்டேன்."

கிருபாபாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த இரண்டு தரமும் சாப்பாடு கொண்டுவந்தவள் அவள். தொட்டிக்குள் உட்கார்ந்து, விரல் தோல் உரிய உரிய அவன் தேய்த்ததைப் பார்த்தவள். இந்த மனுஷன் எதற்காக இப்படிப் பொய் சொல்கிறான்? அப்போதுதான் அவனுடைய சட்டைப் பையைப் பார்த்தாள். பை ஈரமாகப் புடைத்திருந்தது, சுற்றிலும் வெள்ளைக் கறை. மேலே நீலத் துணியின் நுனி ஒன்று எட்டிப் பார்த்தது.

விடியற்காலையிலேயே எடுத்துவிட்டிருக்கிறான். முடிச்சைப் பார்த்ததும் யார் கை என்று தெரிந்திருக்கிறது. வேலை போனாலும் போகட்டும், காது போனாலும் போகட்டும், இவள் பேர் வரக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு நிற்கிறான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்கு முன்னால் கோபம் வந்துவிட்டது.

"சார், அவிய பொய் சொல்லுதாவ. நாந்தான் சுண்ணாம்பு போட்டேன். தண்ணி தெளியட்டும்னு போட்டேன். பொட்டலம் அவிய பையில இருக்கு பாருங்க."

ஜேசுபாதம் "ஏளா, சும்மா இரி" என்றான். யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

ஆவுடையப்பன் முகம் சிவந்தார். சத்தம் போடப் போகிறார் என்று அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவரோ பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, உள்ளே மிச்சம் இருந்ததை விரலால் கிளறிப் பார்த்தார்.

"எவ்வளவு போட்டீங்க?"

"ஒரு பிடி சார்."

"பாதிக்கு மேல கரையவே இல்லையே. அப்ப எல்லாம் இந்தச் சுண்ணாம்போட வேலை, சிமெண்டு கக்கல!" அவர் குரலே மாறிவிட்டது. "ஏம்மா, இதை இப்ப சொன்னீங்களே, புண்ணியம். சிமெண்டுன்னா ஆறு வாரம். இதுன்னா ஒரு நாள் வேலைதான். ஆனா அவசரப்படக் கூடாது. எல்லாத் தண்ணியையும் ஒரேயடியா மாத்தினா அந்த அதிர்ச்சியிலேயே செத்துப்போகும். இப்ப கால்வாசி, மத்தியானம் கால்வாசி, சாயங்காலம் கால்வாசி."

"உண்மையைச் சொல்லாம இருந்தீரே, உம்மை என்ன செய்ய?" என்று ஜேசுபாதத்தைப் பார்த்து ஒரு முறை முறைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் குடம் எடுத்தார்.

அன்று காளவாசலுக்குப் போகாமல் கிருபாபாய் கடலுக்கும் தொட்டிக்குமாக நடந்தாள். எத்தனை குடம் என்று இடுப்புக்குத்தான் தெரியும். அடியில் படிந்த பொடியை ஜேசுபாதம் ரப்பர் குழாயால் உறிஞ்சி வெளியேற்றினான். காற்றுக் குழாய் இரண்டு சேர்த்துப் போட்டு, தண்ணீர் கொதிக்கிற மாதிரி குமிழி விட்டார்கள். சாயம் கருநீலத்திலிருந்து ஊதாவுக்கும், ஊதாவிலிருந்து மெல்ல மெல்லச் சிவப்புப் பக்கமும் இறங்கியது. பொழுது சாயும்போது எட்டரை. கல் மட்டும் மூடினது மூடினபடியே இருந்தது. இனி அதன் பாடு என்று சொல்லிவிட்டு ஆவுடையப்பன் பஸ்ஸுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, முக்காட்டைக்கூட எடுக்காமல் அவள் நேரே அங்கே போனாள். காவலுக்குத் தங்கியிருந்த ஜேசுபாதம் தொட்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே தூங்கிக்கொண்டிருந்தான், நல்ல காதைக் கைக்குள் வைத்து, செவிட்டுக் காதை மேலே காட்டிக்கொண்டு. ஜன்னல் வெயில் கண்ணாடிக்குள் விழுந்திருந்தது.

கல்லின் ஒரு ஓரத்தில் சின்னச் சின்னதாய் விரல்கள் நீட்டியிருந்தன. ஒவ்வொரு விரலின் நுனியிலும் ஒரு பூ. பச்சையும் பழுப்புமாய், காற்றுக்குழாய் தண்ணீரை அசைக்கிற பக்கமெல்லாம் அசைந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் இரண்டு எழுந்தன.

கிருபாபாய் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பத்து வருஷம் இதைத்தானா தலையில் சுமந்து போய் நெருப்பில் கொட்டினோம் என்று நினைத்தபோது உள்ளங்கை கூசியது. கூடவே, இந்த மனுஷன் கடலுக்கடியில் பார்த்ததையெல்லாம் வந்து வந்து சொன்னானே, ஒரு நாளாவது சிரிக்காமல் கேட்டோமா என்றும் இருந்தது.

அவனை எழுப்பக் குனிந்தவள், எழுப்பவில்லை. அந்தச் செவிட்டுக் காதுக்குள், இத்தனை நாளும் திட்டித் தீர்த்த அதே காதுக்குள், வாயை வைத்துச் சொன்னாள்:

"நீங்க சொன்னதெல்லாம் நெசந்தான். எனக்காவப் பழிய ஏத்துக்கிட்டு நின்னியளே, ஒங்கள மாதிரி ஒருத்தர் எனக்குக் கிடைக்க நான் என்ன தவம் பண்ணேன்? இனிமே கடலுக்குப் போவக் கூடாது. எம் பேச்சு கேக்க ஒரு காதாவது வேணும்."

மூச்சுக்காற்று பட்டு அவன் விழித்துக்கொண்டான். தொட்டியைப் பார்த்தான். எழுந்து உட்கார்ந்தான். அந்த முகம் மலர்ந்தது.

பிறகு அவன் கேட்டான்: "என்னளா, காதுல ஏதோ சொல்லிக்கிட்டு இருந்த?"

கிருபாபாய் முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுந்து சுற்றி வந்து, அவனுடைய வலது பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள்.