கரடிகுண்டா கல்

நீரஜா பஞ்சை நனைத்து அப்பாவின் உதட்டில் பிழிந்துகொண்டிருந்தபோது ரகுபதி உள்ளே வந்தார். அப்பாவிடம் வேலை கற்றவர். இப்போது புவியியல் இலாகாவில் அதிகாரி. கையில் பழுப்பு உறை.

"வந்துடுத்தா?" என்றார் அனந்தராமன். டாக்டர் காலையிலேயே கையை விரித்துவிட்டார். அந்த உறைக்காகத்தான் உயிர் இழுத்துக்கொண்டிருந்தது.

கரடிகுண்டா செப்புச் சுரங்கத்தில் டயாப்டேஸ் என்ற அரிய பச்சைக் கனிமம் இருக்கிறது என்று ஏழு வருஷத்துக்கு முன் அவர் எழுதினார். ஆதாரம் அலமாரியிலிருந்த ஒரே ஒரு கல். வேறு யாருக்கும் அங்கே அது கிடைக்கவில்லை. புளுகு என்று இலாகாவே சிரித்தது. கடைசியாக ஒரு குழு போய்ச் சுரங்கத்தைச் சலித்துப் பார்த்துவிட்டு வந்திருந்தது.

நீரஜா ரகுபதியிடம் கண்ணாலேயே கெஞ்சினாள். ஒரு பொய் சொன்னால் குடியா முழுகிவிடும்? ஆனால் அந்த மனுஷனுக்குப் பொய் வராது. அப்படிப் பழக்கியதே அப்பாதான்.

"இல்லை சார். அங்க அது கிடையாது. உங்க கல்லு காங்கோவுலேர்ந்து வந்ததுன்னு எழுதியிருக்காங்க."

"காங்கோவா? அது சிநேகிதன் குடுத்தது... காங்கோன்னு எழுதின சீட்டு மேலன்னா இருந்தது?"

நீரஜாவுக்கு ஏழு வருஷமாக உறைக்காதது இப்போது உறைத்தது. அறுபத்தாறாம் வருஷ நவராத்திரி. அப்பா முகாம் போயிருந்தார். வடக்கு மாட வீதியில் வாங்கிய பொம்மைகளுக்குப் பின்னால் மலை கட்ட, அவர் அலமாரியிலிருந்து பச்சைக் கற்களாகப் பொறுக்கினாள். ஒவ்வொரு கல்லுக்கடியிலும் ஊர் எழுதிய சீட்டு. கொலு எடுத்த அன்று, எல்லாம் பச்சைதானே என்று சீட்டைப் பார்க்காமல் கைக்கு வந்தபடி திரும்ப வைத்துவிட்டாள்.

"நானா மாத்தி வெச்சேன்? நானா, ரகுபதி?"

'நான்தாம்ப்பா' என்றால் போதும். ஆனால் ஏழு வருஷ அவமானமும் தன் தலையில் விடியுமே என்று பயந்தாள். பாவி, அந்த நேரத்திலும் தன்னைத்தான் நினைத்தாள். அவர் அலமாரியைப் பார்த்தபடியே, "நானா, நானா" என்று கேட்டுக்கேட்டு மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தார்.

கூடத்தில் கிடத்திய பிறகு ரகுபதி அவளைத் தனியே அழைத்தார். கண் சிவந்திருந்தது.

"சார் வேணும்னே கல்லை மாத்தினாருன்னு எழுதப் போறாங்கம்மா. நாளைக்கு நான் பதில் குடுக்கணும். அலமாரியை வேற யாராவது தொட்டதுண்டா? ஒருத்தர் பேர் சொல்லுங்க, போதும்."

"இல்லை. அப்பா யாரையும் தொட விடமாட்டார்."

ரகுபதி அதை அப்படியே குறித்துக்கொண்டார்.

"பொண்ணை வாய்க்கரிசி போடச் சொல்லுங்கோ" என்று சாஸ்திரிகள் குரல் கொடுத்தார்.

அப்பாவின் வாய் சரியாக மூடவில்லை. நீரஜா ஒரு பிடி போட்டாள். பாதி கன்னத்தில் சிந்தியது.

"போறும்மா" என்றார் சாஸ்திரிகள்.

அவள் இன்னொரு பிடி அள்ளினாள்.