எட்டு மூட்டை எலுமிச்சை

பிளம்பருக்கு யாரையும் பசியோடு விடத் தெரியாது. போதும் போதும் என்றாலும் இலை நிறையப் போட்டுவிடுவார் என்று சொந்தக்காரர்கள் பயந்து பயந்துதான் வீட்டுக்கு வருவார்கள். அப்பேர்ப்பட்டவர் காய்கறிச் சந்தைக்குப் பின்னால் எரிவாயுத் தொட்டி ஒன்று கட்டினார். அழுகின காய்களை அரைத்து ஊற்றினால் உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் தின்று வாயுவாக்கும். அது குழாய் வழியே அவர் மனைவியின் டீக்கடை அடுப்புக்கு வரும். மூன்று மாதம் ஜோராக எரிந்தது.

ஒருநாள் மண்டியில் எட்டு மூட்டை எலுமிச்சை கெட்டுப்போனது. "பாவம், வாயில்லாத ஜீவனுங்க, வயிறாரச் சாப்பிடட்டும்" என்று மனுஷன் எட்டையும் ஒரே நாளில் அரைத்து ஊற்றிவிட்டார். இரண்டு நாளில் தொட்டி புளித்து நாறியது. மூன்றாம் நாள் அடுப்பு கையை விரித்தது.

சந்தை மேற்பார்வையாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "பதினஞ்சு நாள் டைம். அதுக்குள்ள அடுப்பு எரியலன்னா தொட்டிய இடிச்சிட்டு வண்டி நிறுத்த இடம் பண்ணிடுவேன்."

பிளம்பருக்குப் பாதி உயிர் போய்விட்டது. மனைவிதான் நிதானமாகச் சொன்னாள்: "அதுக்கு வயிறு கெட்டுக் கெடக்குங்க. கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணி, கொஞ்சம் சாணிக் கரைசல். அதோட பட்டினி போடுங்க."

"பட்டினியா? செத்துடும்டி!"

"நீங்க ஊட்டினா அதைவிடச் சீக்கிரமே செத்துடும்."

தொட்டியின் வாய்க்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கடையில் விறகு மூட்டிக் கண்ணெரிய டீ போட்டாள். அவரோ தினமும் காலையில் காய்க்கழிவு வாளியோடு தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஒரே ஒரு கை..." என்பார். "வாளியக் கீழ வைங்க" என்பாள்.

பன்னிரண்டாம் நாள் தொட்டியின் மேல்மூடி வாயுவால் எழும்பியது. ஓடிப்போய் அடுப்பைப் பற்றவைத்தார். புஸ்ஸென்று அணைந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

"மொதல்ல வர்றது எரியாத காத்துங்க. தெறந்து வெளிய விட்டுட்டு மறுபடி நெரம்பட்டும்" என்று அவள் அவர் முதுகைத் தட்டினாள்.

பதினைந்தாம் நாள் காலை மேற்பார்வையாளர் வந்து நின்றார். மனைவி தீக்குச்சியைக் கிழித்தாள். அடுப்பு நீலமாகப் பிடித்துக்கொண்டது, அணையவில்லை. பிளம்பருக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்றே தெரியவில்லை.

டீ கொதித்தது. மேற்பார்வையாளர் ஊதி ஊதிக் குடித்து முடித்தார். பிளம்பரின் கை பழக்கதோஷத்தில் அடுத்த டம்ளரை நிரப்பப் போனது. மனைவி ஒரு பார்வை பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு கையை மடக்கிக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் பார்க்காத அதிசயம் அது.



மேற்பார்வையாளரே டம்ளரை நீட்டினார். "இன்னும் ஒண்ணு கெடைக்குமா?"

மனைவி சிரித்துக்கொண்டே இடுப்பிலிருந்த தொட்டிச் சாவியை எடுத்துப் பிளம்பரின் உள்ளங்கையில் வைத்தாள். "அரை வாளி" என்றாள்.